இரண்டாவது ஃப்ளஷ்

அத்தியாயம் 5

முதல் நான்கு அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் பதற வேண்டாம். அவற்றில் ஒரு பூனை காணாமல் போனது. நானும் மேடமும் பதினோரு கூரைகளில் ஏறி இறங்கினோம். பசி எடுத்ததும் பூனை தானாகவே வீட்டுக்குத் திரும்பிவிட்டது. பூனைக்காரர் எங்களுக்கு நன்றி சொல்லவில்லை, பூனையும் சொல்லவில்லை. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் இந்த வழக்கு மாடிப்படி ஏறி வந்தது.

மேடம் என்றால் எங்கள் துப்பறியும் நிலையத்தின் தலைவி. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். யார் யாரைப் பார்த்து வீட்டுப்பாடம் எழுதினார்கள் என்று கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே இந்தத் தொழிலுக்குத் தயாரானவர். நான் அவருடைய உதவியாளன், ஸ்டெப்னி. வண்டியோடு எப்போதும் இருப்பான், தேவைப்படும்போது காற்று இருக்காது என்பது அந்தப் பெயருக்கு மேடம் தரும் விளக்கம்.

காலை பதினோரு மணி. மாடிப்படியில் முதலில் ஒரு பெட்டி ஏறி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெட்டியை என் கால்மேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"இங்க துப்பறியறவங்க யாரு?"

"நான்தான்," என்றார் மேடம்.

"அப்ப இவரு?"

"இவன் செலவு. உட்காருங்க."

அவர் உட்கார்ந்து கண்ணாடி மேசைமேல் கையை ஊன்றினார். எடுத்தபோது கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளும் ஆவியாகப் படிந்திருந்தன. முனிசிபல் மார்க்கெட் பின்பக்கம் இஸ்திரிக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். காலை ஆறு மணியிலிருந்து சட்டையும் பேண்ட்டுமாகத் தேய்க்கிற கை, சூடு அவ்வளவு சீக்கிரம் இறங்காதாம்.

"என் வீட்டுக்காரர் மாத்திரையை எங்கேயோ தூக்கிப் போடறாரு. எங்கேன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க. ஆறு மணி பஸ்ல நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். போறதுக்கு முன்னாடி ஆதாரத்தை அவர் முன்னாடி வெச்சுட்டுப் போகணும்."

"என்ன மாத்திரை?"

"எச்.ஐ.வி. மாத்திரை."

குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். நான்தான் அனாவசியமாகக் கதவைப் பார்த்தேன். அதற்காக மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது எனக்குத் தேவைதான்.

"தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். ஏழு வருஷம் ஆச்சு. டாக்டரம்மா எதிர்ல உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். தினம் ஒரு மாத்திரை, விடாம சாப்பிட்டா அவரும் நல்லா இருப்பாரு, உனக்கும் வராதும்மான்னாங்க. வரவும் இல்ல. நான் அவர்கிட்ட கேட்டது ஒரே சத்தியம். மாத்திரையை விடக் கூடாது, என்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது."

"அது ரெண்டு சத்தியம்," என்றார் மேடம். டீச்சர் புத்தி போகாது.

"சரி, ரெண்டு. ரெண்டும் போச்சு."

பிறகு வரிசையாக வந்தது குற்றப்பத்திரிகை. மூன்று மாதமாகக் கணவருக்கு இரத்தம் குறைந்துகொண்டே வருகிறது. பன்னிரண்டு இருந்த ஹீமோகுளோபின் இப்போது எட்டுக்கும் கீழே. டானிக் மூன்று பாட்டில் காலி, பலன் பூஜ்யம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, கொஞ்சம் கவனியுங்கள் என்று கிளினிக்கில் ஆலோசனை சொல்பவர் ஒரு வார்த்தை சொன்னார். அன்றிலிருந்து இவர் கவனிக்கிறார். மதியம் இரண்டு மணிக்குக் கணவர் வேலையிலிருந்து வந்து சாப்பிட்டதும் மாத்திரையை வாயில் போடுகிறார். பத்தே நிமிடத்தில் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறார். இரண்டு தடவை ஃப்ளஷ் செய்கிறார்.

"நாக்குக்கு அடியில ஒதுக்கி வெச்சிருந்து துப்பறாரு மேடம். தண்ணியில அனுப்பிடறாரு. போதாக்குறைக்கு வீட்டுக்குள்ளேயும் கையுறை போட்டுக்கிட்டே இருக்காரு."

"கைரேகை பதியக் கூடாதுன்னு இருக்கும்," என்றேன்.

"ஸ்டெப்னி, வாயில காத்தை இறக்கு," என்றார் மேடம். "ஏம்மா, ஒரு மாத்திரை எவ்வளவு பெருசு இருக்கும்?"

"இவ்வளவுதான். அவரைக்கொட்டை சைஸ்."

"அதை அனுப்ப எதுக்கு ரெண்டு ஃப்ளஷ்?"

அம்மணி என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை, ஆனால் தெரிந்த மாதிரி தலையாட்டினேன். மேடம் அவர் கொண்டுவந்த ஃபைலைப் புரட்டினார். நடுவில் ஒட்டிய நிலையில் ஒரு கவர் இருந்தது.

"இது?"

"வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பார்த்த ரிசல்ட். எங்க ரெண்டு பேர்ல யார் வந்தாலும் கொடுக்கலாம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். இன்னிக்குக் காலையில நான் போய் வாங்கினேன்."

"பிரிக்கலையே?"

அவர் பெட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டே இருந்தார். "ஏறிப் போயிருந்தா, அவர் பொய் சொன்னது நிஜம்னு ஆயிடும். திட்டறது ஈசியா இருக்கு மேடம். இதைப் பிரிக்கறதுக்குத்தான் கை வரல."

மேடம் கவரைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். "நீங்க பிரிக்க வேண்டியது. சாயங்காலம் கொடுக்கறேன். ஸ்டெப்னி, நீ போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு வா."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த உத்தரவு அதுதான்.

*

வீட்டுக்காரர் வேலை பார்ப்பது ஐஸ்கிரீம் தொழிற்சாலையில். அங்கே குளிர் அறைக்கு அவர்தான் பொறுப்பு. தெர்மாமீட்டர் கம்பெனி ஆள் என்று சொல்லிக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். காதில் பென்சில் இருந்தால் உலகத்தில் எந்த வாட்ச்மேனும் கேள்வி கேட்பதில்லை.

குளிர் அறைக் கதவு திறந்ததும் என் மீசை விறைத்தது. உள்ளேயிருந்து மூன்று ஸ்வெட்டர், இரண்டு குல்லாய், ஒரு மப்ளர் எல்லாமாகச் சேர்ந்து ஒரு மனிதர் அசைந்து அசைந்து வந்தார். தொழிற்சாலையில் அவரை பென்குயின் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அலகு ஒன்றுதான் பாக்கி.

"தெர்மாமீட்டரா? வாங்க தம்பி. கையுறை இல்லாம வந்துட்டீங்களே," என்று தன்னுடைய உபரி ஜோடியை எனக்குக் கொடுத்தார். குற்றவாளி என்று நினைத்துப் போன இடத்தில் இப்படி நடந்தால் எனக்குக் கை ஓடாது. கையுறைக்குள் போனதால் கொஞ்சம் ஓடியது.

பத்து அடி நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றார். பெட்டிகளை எண்ணுகிற பாவனையில் நின்றார், ஆனால் எண்ணவில்லை. மூச்சு வாங்கினார். சுவரில் மாட்டியிருந்த அட்டையில் வெப்பநிலையை எழுதுவதற்காக வலது கையுறையைக் கழற்றினார்.

விரல்கள் நாவல்பழ நிறத்தில் இருந்தன.

ஒப்பிட்டுப் பார்க்க நானும் கழற்றினேன். என் விரல்கள் சிவந்திருந்தன, அவ்வளவுதான். அவருடைய காது நுனியும் அதே ஊதா. கண்ணின் வெள்ளை லேசான மஞ்சள்.

"என்னண்ணே விரல் இப்படி?"

"அது குளிருக்கு அப்படித்தான் தம்பி. வெளியே போய் வெயில்ல நின்னா சரியாயிடும். முன்னெல்லாம் இல்ல, ஒரு மூணு மாசமா." சட்டென்று கையுறைக்குள் கையை ஒளித்துக்கொண்டார். "வெனிலா எடுத்துக்கறீங்களா, சாக்லேட்டா?"

இரண்டும் எடுத்துக்கொண்டேன். விசாரணையில் பாரபட்சம் கூடாது. வெளியே வந்து கோன் சுடும் பகுதியில் உடைந்த கோன்களையும் விசாரித்தேன். அங்கே அடுப்புப் பக்கம் நிற்க ஆள் கிடைக்காமல் சூப்பர்வைசர் தவிப்பதாகத் தெரிந்தது. வழக்குக்குச் சம்பந்தமில்லாத தகவல்தான், ஆனாலும் ஊதா விரல்களோடு அதையும் மேடத்திடம் சொன்னேன். கோனைப் பற்றிச் சொல்லும்போது என் வாய் அதிக நேரம் திறந்திருந்ததாக மேடம் குறித்துக்கொண்டார்.

*

மதியம் இரண்டேகால். அவர்கள் வீட்டின் பின்பக்கம்.

கழிவறைக் குழாய் சுவரிலிருந்து இறங்கித் தரைக்குள் போகும் இடத்தில் ஒரு மூடி இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் ஒரு வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு நான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். என்னைப் பெற்றவர்கள் என்னை எவ்வளவோ பெரிய ஆளாக ஆக்க நினைத்தவர்கள். மேடம் இரண்டடி தள்ளி, மூக்கில் கைக்குட்டையோடு, மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அம்மணி இருமினார். அதுதான் எங்கள் அடையாளம். மாத்திரை வாய்க்குள் போய்விட்டது. அடுத்த இருமல் வந்தது, கழிவறைத் தாழ்ப்பாள் போட்டாயிற்று.

காத்திருந்தோம். குழாய்க்குள் இரைச்சல் எழுந்தது. முதல் ஃப்ளஷ். வடிகட்டி வழியாகத் தண்ணீர் பாய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது ஃப்ளஷ்.

"என்னடா வந்துச்சு?"

"மாத்திரை இல்ல மேடம். பொடிகூட இல்ல. முதல் தடவை டீ வந்துச்சு, ரெண்டாவது தடவை வெறும் தண்ணி."

"டீயா?"

"பால் ஊத்தாத டீ. நல்ல திக்கா."

மேடம் கைக்குட்டையை இறக்கினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு காணாமல் போயிருந்தது. "ஸ்டெப்னி, கக்கூஸ்ல உட்கார்ந்து யாருடா டீயைக் கொட்டுவாங்க?"

எனக்கு மெதுவாக விளங்கியது. விளங்கியதும் வடிகட்டியைத் தூக்கி எறிந்தேன்.

"அதை எடுத்துக் கழுவு. நம்ம ஆபீஸ் வடிகட்டி," என்றார் மேடம். அன்றோடு நான் ஆபீஸில் டீ குடிப்பதை விட்டேன்.

அதற்குள் அவர் முன்பக்கம் போய் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். பென்குயின் திறந்தார். உள்ளே கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது, வாசலில் மனைவியின் பெட்டி நின்றது.

"உங்க மனைவி என்கிட்ட கேஸ் கொடுத்திருக்காங்க," என்றார் மேடம். "நீங்க மாத்திரையைத் துப்பறீங்கன்னு சொல்றாங்க. இல்லன்னு நான் நினைக்கறேன். உங்க சம்மதம் இருந்தா உங்க இரத்தம் டெஸ்ட் பண்ற லேபுக்கு இப்ப எல்லாரும் போகலாம்."

பென்குயின் மனைவியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு தெர்மாமீட்டர் கம்பெனி ஆளைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க வெனிலா சாப்பிட்டவர்தானே?"

"சாக்லேட்டும்ணே," என்றேன். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது.

*

லேப் இரண்டாவது மாடியில். பென்குயின் நான்கு இடத்தில் நின்று ஏறினார். ஒவ்வொரு இடத்திலும் மனைவி இரண்டு படி மேலே நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கோபத்தில் இருக்கிறவர் போய்க்கொண்டே இருக்கலாமே, ஏன் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது நான் என்பதால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

அங்கே இருந்த டெக்னீஷியனுக்கு ரிப்பீட் என்று பெயர். எதையும் மூன்று தடவை திரும்பச் செய்து பார்ப்பவர். எங்களுக்கு மூன்று தடவை வணக்கம் சொன்னார். பென்குயினைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"சார், உங்க டியூபை வெச்சாலே என் மெஷினுக்குக் கிறுக்குப் பிடிக்குது. இன்னிக்குக் காலையிலயும் அப்படித்தான்."

"என்ன கிறுக்கு?" மேடம் ரிப்போர்ட்டை நீட்டினார். "இதுல ஹீமோகுளோபின் மட்டும் இருக்கு. ஏழு புள்ளி ஒன்பது. சிவப்பணு எத்தனைங்கற இடம் காலியா இருக்கே. மூணு மாச ரிப்போர்ட்லயும் காலி."

ரிப்பீட் கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார்.

"அது வந்து, நம்பர் அசிங்கமா வந்துதுங்க. மூணு தடவை ஓட்டினேன், மூணு தடவையும் அசிங்கம். அதைப் போட்டு அனுப்பினா டாக்டரம்மா மெஷினைத் துடைச்சியான்னு கேட்பாங்க. அதான் சரியா வந்த நம்பரை மட்டும் போட்டு, மத்ததை விட்டுட்டேன்."

"அசிங்கமான நம்பரெல்லாம் எங்க?"

பென்குயின் தலையாட்டிய பிறகு, ஒரு டிராயரிலிருந்து சுருட்டிய காகிதங்கள் வெளியே வந்தன. பாவம், அவற்றைத் தூக்கிப் போடவும் அவருக்கு மனம் வரவில்லை. மேடம் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். எண்களைக் கண்டால் அவருக்குப் பத்து வயது குறைந்துவிடும்.

"சிவப்பணுவுக்கும் ஹீமோகுளோபினுக்கும் ஏதாவது கணக்கு உண்டா?"

"உண்டுங்க. தோராயமா லட்சக் கணக்கை மூணால பெருக்கிப் பத்தால வகுக்கணும். முப்பது லட்சம் அணு இருந்தா ஹீமோகுளோபின் ஒன்பது பக்கம் வரும்."

"இவருக்கு ஒன்பது லட்சம் அணுன்னு போட்டிருக்கு. மூணால பெருக்கினா ரெண்டு புள்ளி ஏழு. ஆனா மெஷின் ஏழு புள்ளி ஒன்பதுன்னு சொல்லுது. ஒன்பது லட்சம்கறது நிஜமா இருந்தா..."

"இவர் போன வாரமே செத்திருக்கணும்," என்றேன்.

"இப்பதான் ரெண்டு மாடி ஏறி வந்தாரு. அதனால எண்ணிக்கை தப்பு." மேடம் ஒவ்வொரு சுருளாகத் தள்ளினார். தப்பு, தப்பு, தப்பு என்று பென்சிலால் கோடு போட்டார். ஒரு சுருளில் கை நின்றது. "இது மட்டும் சரியா இருக்கு. பதினாலாம் தேதி. இருபத்தேழு லட்சம். மூணால பெருக்கினா எட்டு புள்ளி ஒண்ணு, மெஷின் சொல்றது எட்டு புள்ளி ரெண்டு. அன்னிக்கு மட்டும் மெஷினுக்கு எப்படிக் கிறுக்குத் தெளிஞ்சுது?"

"தெரியலீங்க. அன்னிக்கும் அதே மெஷின், அதே நான். மத்ததோட ஒத்துப் போகலன்னு அதையும் டிராயர்ல போட்டேன்."

"டியூப் கிளினிக்ல இருந்து எப்படி வரும்?"

"நான்தான் ஸ்கூட்டர்ல எடுத்துட்டு வருவேன். வைரஸ் டெஸ்ட் டியூபெல்லாம் ஐஸ் பெட்டியில வரும். தனிப் பெட்டி எதுக்குன்னு எல்லாத்தையும் அதுலயே போட்டுக்குவேன்."

"பதினாலாம் தேதி?"

ரிப்பீட் கண்ணை மூடி யோசித்தார். திறந்தார். திரும்ப மூடினார்.

"அன்னிக்குப் பெட்டியில இடம் இல்லீங்க. இவர் டியூப் ஒண்ணை மட்டும் என் சாப்பாட்டுப் பையில வெச்சுக் கொண்டாந்தேன். டிபன் பாக்ஸுக்கு மேல. சாப்பாடு நல்லா சுடச்சுட இருந்துது."

மேடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வகுப்பில் எவனோ ஒருவன் கடைசியில் சரியான விடை சொல்லிவிட்டால் வரும் நிம்மதி அவர் முகத்தில் வந்தது.

"இப்ப கவரைப் பிரிங்கம்மா," என்று கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

அம்மணி வாங்கவில்லை. "மேடம், மெஷின் கதையெல்லாம் இருக்கட்டும். இரத்தம் குறைஞ்சது நிஜம்தானே? இவரு மாத்திரையைத் துப்பறதாலதான்..."

"பிரிங்க."

பிரித்தார். ஒரு தடவை படித்தார், பிறகு ரிப்பீட் மாதிரி இன்னும் இரண்டு தடவை படித்தார்.

"கண்டுபிடிக்கற அளவுக்குக்கூட வைரஸ் இல்லன்னு போட்டிருக்கு."

"மாத்திரையைக் கக்கூஸ்ல போட்டிருந்தா, கக்கூஸுக்குத்தான் வைரஸ் குறைஞ்சிருக்கும்," என்றார் மேடம். "ஒரு நாள் விடாம உள்ளே போனாத்தான் இந்த ரிசல்ட் வரும். உங்க வீட்டுக்காரர் முதல் சத்தியத்தைக் காப்பாத்தியிருக்காரு."

பென்குயின் மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று மாதம் சந்தேகக் கண்ணோடு ஒருவர் பார்க்கப் பார்க்கச் சோறு சாப்பிட்டவர் அவர்.

"அப்ப இரத்தத்தை யார் தின்னது?" என்று கேட்டார் அம்மணி. குரல் உடைந்திருந்தது.

"அவனையும் பிடிச்சாச்சு. காலையில எடுத்த டியூப் இருக்கா?"

ரிப்பீட் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தார். மேடம் அதைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினார். கண்ணாடிச் சுவரில் இரத்தம் வழவழப்பாக இறங்கவில்லை. ரவை ரவையாகத் திரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதைச் சூடு பண்ணணும். உங்ககிட்ட வெந்நீர்த் தொட்டி இருக்குமே?"

ரிப்பீட் மூலையில் இருந்த தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே அவருடைய டிபன் பாக்ஸ் மிதந்துகொண்டிருந்தது. அதற்காக மேடம் அவரிடம் தனியாகப் பேசிக்கொள்வதாகச் சொன்னார். அவர் தனியாகப் பேசினால் எப்படி இருக்கும் என்று அறிந்தவன் நான்.

"வேற வழி இருக்கு. அம்மா, கையை நீட்டுங்க."

இஸ்திரிக்காரக் கைகள் டியூபைப் பொத்திக்கொண்டன. அதை அப்படியே கக்கத்துக்குள் இடுக்கிக்கொள்ளச் சொன்னார் ரிப்பீட். கால் மணி நேரம் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தோம். கணவரின் இரத்தத்தை மனைவி அடைகாத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன், மேடம் பென்சிலைக் காட்டினார், மூடிக்கொண்டேன்.

"இப்ப பார்க்கலாம்."

கை திறந்தது. டியூபைச் சாய்த்தார்கள். ஒரு ரவைகூட இல்லை. சாதுவான, சாதாரணமான, வழவழப்பான இரத்தம். ரிப்பீட் அதை மெஷினில் வைத்தார். பிறகு திரும்பவும் வைத்தார். மூன்றாவது தடவையும் இருபத்தாறு லட்சம்.

"இருபத்தாறு மூணு எழுபத்தெட்டு," என்றார் மேடம். "ஏழு புள்ளி எட்டு. கணக்கு சரி. மெஷின் மூணு மாசமா உண்மையைத்தான் சொல்லிக்கிட்டு இருந்துது. குளிர்ந்தா இவர் அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, மெஷின் ஒரு கொத்தை ஒரே அணுவா எண்ணுது. நீங்கதான் அந்தச் சாட்சியை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டீங்க."

"அப்ப திருடன்?" என்றேன்.

"வீட்டுக் காவல்காரன். வெளியாளை அடிக்க வேண்டிய ஆளு, குளிர் அடிச்சா குழம்பிப் போய் வீட்டு ஆளுங்களையே கட்டிப்போட்டு அடிக்கறான். இவர் உடம்பே இவர் அணுக்களை உடைக்குது. குளிர் அறையில நாளைக்கு எட்டு மணி நேரம். விரல் ஊதா ஆகுது, கண் மஞ்சளாகுது. உடைஞ்ச அணுவெல்லாம் எந்த வழியா வெளியே போகும் ஸ்டெப்னி?"

"வடிகட்டி வழியா," என்றேன் சோகமாக.

மேடம் பென்குயின் பக்கம் திரும்பினார். "அதைத்தானே ரெண்டு தடவை ஃப்ளஷ் பண்ணினீங்க?"

அவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "முதல் தடவையில நிறம் முழுசாப் போகாது மேடம். ஓரத்துல தங்கிடும். மாத்திரையை விடாம சாப்பிட்டும் ஒண்ணுக்கு இப்படிக் கறுப்பா போகுதேன்னா, நோய் முத்திப்போச்சுன்னு நினைச்சேன். இவ பார்த்தா தாங்க மாட்டா. விரலைப் பார்த்தாலும் கேட்பா. அதான் கையுறை."

"மூணு மாசம்," என்றார் மனைவி. "மூணு மாசம் பக்கத்துல படுத்துக்கிட்டு, நீங்க சாகப் போறதா நீங்க நினைச்சுக்கிட்டு, நீங்க பொய் சொல்றதா நான் நினைச்சுக்கிட்டு. நல்ல குடும்பம்."

"ரெண்டாவது சத்தியத்துல ஃபெயில்," என்றார் மேடம். "மொத்தம் ஐம்பது மார்க். பாஸ் பண்ணலாம்."

ரிப்பீட் அதற்குள் டாக்டரம்மாவுக்கு போன் போட்டு, நடந்ததையெல்லாம் மூன்று தடவை சொல்லிவிட்டார். ஸ்பீக்கரில் டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு இரத்தம் குறைய ஏகப்பட்ட காரணம் இருக்கு. சில மாத்திரை, தொற்று, சத்துக்குறைவு, எலும்பு மஜ்ஜை. உடம்பே தன் இரத்தத்தை உடைக்கறது அதுல அபூர்வம். அதைக் கடைசியில பார்க்கலாம்னு வெச்சிருந்தேன், அது என் தப்பு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. கூம்ஸ்னு, உடம்பே அணுவைத் தாக்குதான்னு பார்க்கற ஒரு டெஸ்ட் எடுக்கணும். ஆனா அது மட்டும் போதாது. எச்.ஐ.வி. இருந்தா அது சும்மாவும் பாசிட்டிவ் காட்டும். எது இதைக் கிளப்பிவிட்டுதுன்னும் தேடணும். வர்ற வழியில குளிர் படக் கூடாது. எச்.ஐ.வி. மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. டானிக்கை நிறுத்தலாம்."

"வேலை?" என்று மெதுவாகக் கேட்டார் பென்குயின். "எனக்குக் குளிர் அறைதானே தெரியும்."

"கோன் சுடற அடுப்புக்கு ஆள் தேடறாங்கண்ணே," என்றேன். "நல்லா விசாரிச்சுட்டேன். ஏழு கோன் வரைக்கும் விசாரிச்சேன்."

கடிகாரம் ஐந்தே முக்கால் காட்டியது. எல்லாரும் பெட்டியைப் பார்த்தோம். அம்மணி குனிந்து பூட்டைத் திறந்தார். உள்ளே துணி ஒன்றுகூட இல்லை. இரண்டு பெரிய கம்பளிகள் மடித்து அடைத்திருந்தன.

"அண்ணன் வீட்டுக்கு இதுவா?" என்றார் மேடம்.

"வீட்டுல இருந்தது இது ரெண்டுதான். கோபத்துல எடுத்து வெச்சேன். குளிர்ல கிடக்கட்டும்னு." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கணவரைக் கம்பளியில் சுற்றினார், அதன்மேல் இன்னொன்றையும் சுற்றினார். மூன்று ஸ்வெட்டரும் இரண்டு கம்பளியுமாக அந்த மனிதரைப் படிக்கட்டில் இறக்குவதற்குள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஆறு மணி பஸ் சரியாக வந்தது. ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகிறது, மூன்றாவது நிறுத்தம். வெயில் முகத்தில் பட்டதும் பென்குயின் கையுறைகளைக் கழற்றினார். இப்போது ஒளிக்க ஒன்றும் இல்லை. மனைவி அந்த ஊதா விரல்களை இரண்டு கைகளாலும் பொத்தினார், டியூபைப் பொத்திய அதே மாதிரி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் மெல்ல மெல்ல மனித நிறத்துக்கு வந்தன.

பஸ் படியில் ஏறப்போன மனைவி நின்று திரும்பினார்.

"இனிமே ஒரு தடவைதான் ஃப்ளஷ் பண்ணணும்," என்றார் கணவரிடம். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "அதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க. நான் வந்து பார்த்துட்டு, நானே பண்றேன்."